யூலலி அடித்த மணி

ஆஸ்மண்டின் கண்ணுக்குப் பொண்டாட்டியின் முகம் மட்டும்தான் தெரிந்தது. கையில் என்ன வைத்திருக்கிறாள் என்று அந்த மனுஷன் பார்க்கவேயில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் பாதிப் பக்கத்துக்கு யூலலியின் படம் வந்திருந்தது. டீச்சர் கொண்டை, பூப்போட்ட கவுன், வாய் நிறையப் பாட்டு, வலது கை தலைக்கு மேலே. ஆஸ்மண்ட் மூலைக் கடையில் நின்றபடியே அதைப் பார்த்து, கடைக்காரருக்குக் காட்டி, தெருவில் போன முன்பின் தெரியாத ஆளுக்கும் காட்டி, இன்னொரு பேப்பரும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தான். மரவள்ளி மாவைக் கரைத்துப் பசை காய்ச்சினான். பல குடித்தனங்கள் இருக்கும் வளவுக்கு வெளியே, சந்துப் பக்கம் பார்த்திருக்கும் தகரக் கதவில், போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் தெரிகிற உயரத்தில் படத்தை ஒட்டிவிட்டுத்தான் உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"எங்கே போய் சுத்திட்டு வர்றே? சோளக்கஞ்சி ஆறி ஆடை கட்டிப் போச்சு" என்றாள் யூலலி.

"வெளியே போய்ப் பாரு. இனிமே இந்தச் சந்துல எவனாவது என்னை ரொட்டிக்காரன்னு கூப்பிடட்டும். லலியோட புருஷன்னு கூப்பிட்டாத்தான் திரும்பிப் பாப்பேன்."

யூலலி போய்ப் பார்த்தாள். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மூக்கு இவ்வளவு அகலமாகவா இருக்கிறது என்று கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. அவளுக்கும் அந்த நேரம் வேறெதுவும் தோன்றவில்லை.

தோன்றாமல் போனதில் ஆச்சரியமில்லை. அந்தப் படத்துக்காக அவள் காத்திருந்த காத்திருப்பு அப்படி. கிங்ஸ்டனில் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் மறுநாள் பெரிய பாட்டு நாடகம் தொடங்கும். ஈஸ்டர் தாண்டியும் ஓடும். சர்ச்சில் பாடிக்கொண்டிருந்த பதினேழு வயசுப் பெண்ணாக அதில் போய்ச் சேர்ந்தவள் யூலலி. முதல் வருஷம் மீன். அடுத்த வருஷம் வாழை இலை. அப்புறம் சந்தைக்காரிகள் கூட்டத்தில் கடைசி ஆள். ஒரு வருஷம் முழுக்கப் பசுமாட்டின் பின்னங்கால். அந்தப் பசுமாட்டின் பின்னங்காலைப் பார்க்க ஆஸ்மண்ட் ஒவ்வொரு வாரமும் வந்து, பின்னங்கால் ஆடும்போது மட்டும் எழுந்து நின்று கைதட்டிக் கடைசியில் கட்டிக்கொண்டான். நாயகிக்குத் தோழி, நாயகனுக்கு அம்மா, இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓடிப்போச்சு. இந்த வருஷம்தான் நாயகி. மலையூர்ப் பள்ளிக்கூட டீச்சர். ஆற்றைத் திருடித் தன் ஓட்டுக்குள் ஒளித்துவைத்த நண்டுத் துரையிடமிருந்து ஆற்றை மீட்கிற டீச்சர். முதல் பாதி முடிகிறபோது மேடை நடுவில் தனியாக நின்று, பித்தளை மணியைத் தலைக்கு மேலே ஆட்டி ஆற்றைக் கூப்பிட்டுப் பாட வேண்டும். அந்தப் பாட்டு ரேடியோவில் வேறு போட்டுப் போட்டு ஊரே பாடிக்கொண்டிருந்தது.

மத்தியானம் தேங்காய்ப்பால் ஊற்றிப் பயறு போட்ட சோறு கொதிக்கிற நேரம் மிஸ் வெல்டா வந்தாள். அடுத்த அறைக்காரி. சந்து முனையில் அவித்த சோளமும் சூப்பும் விற்பவள். வாசலில் நின்றவள் உட்காரவில்லை.

"லலி, கதவுல அதை யாரு ஒட்டினது?"

"எங்க வீட்டு மகராசன்தான். நல்லாயிருக்கா, மிஸ் வெல்டா?"

"கிழி."

"என்னது?"

"கிழிச்சுப் போடுன்னு சொல்றேன். கையில என்னத்தை வச்சு ஆட்டறே? போய்ப் பாரு."

யூலலிக்கு அப்போதுதான் உறைத்தது. தேர்தல் வரப்போகிறது என்று நாடு முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்த சமயம். எதிர்க்கட்சியின் சின்னம் மணி. அவர்கள் கூட்டம் போட்டால் ஆளாளுக்குக் கையில் ஒரு மணி வைத்து ஆட்டுவார்கள். இந்தச் சந்தோ ஆளுங்கட்சிச் சந்து. இங்கே ஐஸ்காரன் கூட மணியடிக்காமல் வாயால் கூவிக்கொண்டு போவான். அவர்கள் நிறமான பச்சையில் சட்டை போட்டு வந்தவனைச் சந்து முனையிலேயே கழற்ற வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பக்கச் சந்துகளிலும் இதே கூத்துதான், நிறம் மட்டும் வேறு.

"அது பள்ளிக்கூட மணிங்க மிஸ் வெல்டா. நாடகத்துல நான் டீச்சர்" என்றாள் யூலலி.

"எனக்குத் தெரியும்டி. கட்சியில மேல இருந்து வர்ற பயலுகளுக்குத் தெரியுமா? பேப்பர்ல இருக்கறது மணி. ஆட்டறது இந்தச் சந்துப் பொம்பளை. அம்புட்டுத்தான் அவனுகளுக்குத் தெரியும்."

"அட போங்க மிஸ் வெல்டா" என்றான் ஆஸ்மண்ட். "நாடகத்தைப் போய் யாராவது..."

"உன் மூளையைத்தான் பசையாக் காய்ச்சி ஒட்டினியா ஆஸ்மண்ட்? போன மாசம் பச்சை வாளியில தண்ணி புடிச்சான்னு ஒருத்தன் மண்டையை உடைச்சாங்களே, அது மறந்துருச்சா? வாளிய்யா, வெறும் வாளி!"

ஆஸ்மண்ட் ஈரத்துணியும் கத்தியுமாக ஓடினான். யூலலியும் பின்னால் போனாள். அவர்களுக்கு முன்னாலேயே யாரோ வந்து போயிருந்தார்கள். படத்தைக் கிழிக்கவில்லை. முகத்தைத் தொடவில்லை. தூக்கிய கையை மட்டும், தோளிலிருந்து மணி வரைக்கும், கூரான கத்தியால் அழகாக அறுத்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மிச்சப் படத்தில் யூலலி வாய் நிறையப் பாடிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்மண்ட் அங்கேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டான். அன்றைக்குச் சமைத்த சோற்றை மகள் பெட்ரீனா மட்டும்தான் சாப்பிட்டாள். அவளுக்குப் பதிமூன்று வயசு, அவளிடம் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. ஆனாலும் அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, தெருப்பக்கம் இருந்த கட்டிலைத் தானாகவே உள்சுவர் ஓரம் இழுத்துப் போட்டாள்.

திங்கள்கிழமை யூலலி வழக்கம்போலச் சலவைக்கடைக்குப் போனாள். பகலெல்லாம் இஸ்திரி போடுகிற வேலை. நாடகம் வயிற்றை நிரப்பாது, அது எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடக் காக்கி உடுப்புகளைக் கஞ்சியில் முக்கி, அரை ஈரத்தில் எடுத்து, மடிப்பு கத்தி மாதிரி நிற்கத் தேய்க்க வேண்டும். அந்த ஆவியில் நின்று பாடிப் பாடித்தான் அவள் தொண்டை இவ்வளவு திறந்தது. கூட வேலை செய்கிறவர்கள் "லலி, இன்னைக்கு ஆறு வரலையா?" என்று கிண்டல் பண்ணினார்கள். அவளால் பாட முடியவில்லை. ஒரு காக்கிச் சட்டையின் கையைத் தேய்க்கும்போது, அறுத்தெடுத்த கை ஞாபகத்துக்கு வந்து, பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டு நின்றாள். கருகின வாசனை வந்துதான் முழித்தாள்.

புதன்கிழமை நாடகத்துக்குப் போகும்போது பஸ்ஸில் நடந்தது அதைவிட மோசம். அந்தப் பக்க ஏரியாவைத் தாண்டித்தான் பஸ் போக வேண்டும். வழியில் பச்சைச் சட்டை போட்ட இளந்தாரிகள் ரெண்டு பேர் ஏறினார்கள். ஒருத்தன் அவளை உற்றுப் பார்த்தான்.

"ஏய், யாரு பாரு! மணி டீச்சர்! பேப்பர்ல வந்தாங்களே!"

"நான் இல்லைப்பா" என்றாள் யூலலி.

"வெக்கப்படாதீங்கம்மா. நீங்க நம்ம ஆளு! ஆட்டுங்கம்மா, நல்லா ஆட்டுங்க! ஊருக்கே கேக்கணும்!"

அவன் கையைத் தூக்கி இல்லாத மணியை ஆட்டினான். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் ஜன்னலைப் பார்த்தார்கள். யூலலிக்கு முன்னால் ரெண்டு சீட் தள்ளி ஒரு தலைத்துணி தெரிந்தது. அவளுடைய சந்துக்காரி, துணி வெளுக்கிறவள். அந்தத் தலை திரும்பவில்லை. திரும்பாமல் இருந்ததுதான் யூலலிக்குக் குலையை நடுக்கியது. திட்டுகிறவனைக் கூடச் சமாளிக்கலாம், இப்படிக் கொண்டாடுகிறவனிடம் என்ன சொல்லித் தப்பிக்க? அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, மலைக்காற்று எதிரே அடிக்க, மீதித் தூரத்தை நடந்தே போனாள்.

வியாழக்கிழமை காலையில் குழாயடிக்கு ஸ்டிக்ஸ் வந்தான். மிஸ் வெல்டாவின் மகன். நோஞ்சானாகப் பிறந்து குச்சி மாதிரி வளர்ந்ததால் ஸ்டிக்ஸ். இப்போது சந்து முனைச் சுவரில் உட்கார்ந்திருக்கிற கூட்டத்துக்கு அவன்தான் தலை. சட்டைக்குக் கீழே இடுப்பு ஒரு பக்கம் புடைத்திருக்கும், அது என்னவென்று யாரும் கேட்பதில்லை. குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்ற பெண்கள் அவனைக் கண்டதும் வாளியை விட்டுவிட்டு ஒதுங்கினார்கள்.

"மிஸ் லலி, நான் சொல்றதுக்குக் கோவிக்கக் கூடாது."

"சொல்லுடா."

"மணியை விடுங்க. இல்லாட்டி இந்தச் சந்துல இருக்காதீங்க."

"உனக்குக் காய்ச்சல்ல வலிப்பு வந்தப்ப உங்கம்மா வாயடைச்சு நின்னா. உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவ நான்டா, ஸ்டிக்ஸ்."

"அதனாலதான் வந்து சொல்றேன். வேற ஆளுக்குன்னா சொல்லிட்டா செய்வாங்க?"

அவன் குரலில் மிரட்டல் இல்லை. மழை வரப்போகிறது, துணியை எடுங்கள் என்கிற மாதிரிச் சொன்னான். யூலலிக்குக் கையிலிருந்த வாளி கனத்துத் தொங்கியது.

"என் புள்ளை பள்ளிக்கூடம் போய்ட்டு வர்ற வழிடா இது."

"தெரியும். பெட்ரீனா எங்களைத் தாண்டித்தான் போகுது" என்றான் ஸ்டிக்ஸ். அவன் சும்மாத்தான் சொன்னான் போலிருக்கிறது. ஆனால் அதைக் கேட்ட யூலலி பாதி வாளியோடு வீட்டுக்குத் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை, ஒப்பனை போடுவதற்கு முன்னால், நாடகத்தை நடத்துகிற மிஸ் ஏவ்ரிலிடம் போனாள். மிஸ் ஏவ்ரில் மேட்டுப்பகுதியில் மாமரங்களுக்கு நடுவே வீடு வைத்திருக்கிற வெள்ளைத் தோல் பெண்மணி. நல்லவள். நல்லவளாக இருந்து என்ன செய்ய?

"மணிக்குப் பதிலா சங்கு ஊதட்டுமா, மிஸ் ஏவ்ரில்? மலையூர்ல ஆபத்துன்னா சங்குதானே ஊதுவாங்க? நல்லாத்தான் இருக்கும்."

"லலி, உட்காரு. போஸ்டர்ல மணி. ரேடியோவுல மணி. நாங்க இதை எழுதறப்ப பள்ளிக்கூடம்னா மணின்னுதான் நினைச்சோம், சத்தியமா வேற நினைப்பே இல்லை. இப்போ திடீர்னு எடுத்தேன்னு வையி, ஆளுங்கட்சிக்குப் பயந்து எடுத்துட்டாங்கன்னு எதிர்க்கட்சிக்காரங்க வந்து கொட்டகைக் கண்ணாடியை உடைப்பாங்க. நேத்தே ஒருத்தன் போன் பண்ணிட்டான், மணி இருக்குல்ல, இருக்கணும்னு."

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

மிஸ் ஏவ்ரில் கைவிரல் மோதிரத்தைத் திருகினாள். "ஒண்ணு செய்யலாம். உனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டு நாளையிலிருந்து கார்லீனை இறக்கறேன். அவளுக்குப் பாட்டெல்லாம் பாடம். ரெண்டு மூணு வாரம் போகட்டும்."

நாயகிக்கு ஏதாவது ஆனால் இறங்குவதற்கென்று எல்லா நாடகத்திலும் ஒருத்தி தயாராக இருப்பாள். இந்த நாடகத்தில் அது கார்லீன். இருபத்திரண்டு வயசு, குயில் குரல். ரெண்டு மூணு வாரம் கழித்து அவளிடமிருந்து வேஷத்தைத் திரும்ப வாங்க முடியாது என்பது யூலலிக்கும் தெரியும், மிஸ் ஏவ்ரிலுக்கும் தெரியும். யூலலி சரியென்றாள். பெட்ரீனா அந்தச் சந்து முனைச் சுவரைத் தாண்டிப் போகிற காட்சி கண்ணுக்குள் நிற்கும்போது வேறென்ன சொல்ல முடியும்? அன்றைக்கு ஆடிவிட்டு, டீச்சர் கவுனை ஆணியில் மாட்டி, அதன் வெறும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வீட்டில் சொன்னதும் ஆஸ்மண்ட் தலையில் அடித்துக்கொண்டான். "நான் ஒட்டினேன், நீ இழந்தே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை மூன்று மணிக் காட்சி. ஒப்படைக்க வேண்டியதை ஒப்படைக்க யூலலியும் போயிருந்தாள். முன்வரிசைகள் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், கத்தலும் கும்மாளமும் திரையைத் தாண்டிக் கேட்டது. திரைக்குப் பின்னால் சாமான்கள் வைக்கிற மேஜையில் பித்தளை மணி உட்கார்ந்திருந்தது. கார்லீன் டீச்சர் கவுனைப் போட்டுக்கொண்டு மேஜைக்கு நாலடி தள்ளி நின்றாள், அதற்கு மேல் கிட்டே வரவில்லை.

"அக்கா, என்னால முடியாதுக்கா" என்றாள்.

"பாட்டு மறந்துருச்சா?"

"பாட்டு இருக்கு. நாங்க இருக்கறதும் உங்களுது மாதிரி ஆளுங்கட்சிச் சந்துதான்க்கா. நேத்து அண்ணன் வேலைக்குப் போறப்ப நிறுத்தி, உன் தங்கச்சியும் அந்த நாடகம்தானேன்னு கேட்டுருக்கானுக. நான் இதைத் தொட்டேன்னா அவனை விட மாட்டானுக."

நண்டுத் துரை வேஷக்காரர், ஆறடி மனுஷன், முதுகில் நண்டு ஓட்டைக் கட்டிக்கொண்டு பின்வாங்கினார். "என் கையில குடுத்துராதீங்கம்மா, எனக்கு நாலு புள்ளைங்க." சந்தைக்காரிகளாக வருகிற பெண்களில் ஒருத்தி கையைக் கவுனுக்குள் ஒளித்துக்கொண்டாள். மிஸ் ஏவ்ரில் மணியை எடுத்து, அதன் நாக்கு அடித்துக்கொள்ளாமல் விரலால் பிடித்தபடி, ஒவ்வொருவர் முன்னாலும் நீட்டினாள். நீட்ட நீட்ட ஒவ்வொருவரும் நகர்ந்தார்கள். ஒரு பித்தளை மணிக்கு அத்தனை பெரியவர்கள் பயந்து நின்றதைப் பார்த்தால் சிரிப்பு வரும். அங்கே யாருக்கும் வரவில்லை. வெளியே வாத்தியக்காரர்கள் தொடங்கிவிட்டார்கள்.

யூலலிக்கு அந்த நேரம் என்ன வந்தது என்று அவளுக்கே தெரியாது. ரோஷமா, கோபமா, காலியாக இருக்கிற மேடையைப் பார்க்கப் பொறுக்காத வியாதியா? "கழட்டுடி" என்றாள். கார்லீன் அழுதுகொண்டே கவுனைக் கழற்றிக் கொடுத்தாள். கொக்கி மாட்டக்கூட நேரமில்லை, முதுகில் ஊக்கு குத்தி அனுப்பினார்கள்.

முதல் பாதி முழுக்க அவள் எதைப் பேசினாள், எங்கே நின்றாள் என்பதெல்லாம் உடம்பு பார்த்துக்கொண்டது. மணிப் பாட்டுக்கு நடுமேடைக்கு வந்தபோதுதான் அவளுக்கு நினைவு திரும்பியது. விளக்கு முகத்தில் அடித்தது. இருட்டுக்குள் யார் இருக்கிறார்கள், எத்தனை பேர், எந்தப் பக்கத்து ஆள், ஒன்றும் தெரியவில்லை. இருமல் சத்தம் கேட்டாலே துப்பாக்கி என்று உடம்பு தூக்கிப் போட்டது. கையைத் தூக்கினாள். மணி அடித்தது.

இடதுபக்கம் பாதிக் கொட்டகை எழுந்து, இல்லாத மணிகளை ஆட்டி ஊளையிட்டது. வலதுபக்கத்திலிருந்து சீறலும் "இறங்கு, இறங்கு" என்ற கத்தலும். நடுவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும் ஒன்றும் புரியாமல் "டீச்சர், நண்டு பின்னாடி வருது! பின்னாடி பாருங்க டீச்சர்!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். யூலலி அந்தப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டாள். அவர்களைப் பார்த்தே பாடினாள்.

*எழும்பு ஆறே, எழும்பு,*
*என் புள்ளைங்க நாக்கு காயுது.*
*நண்டு முதுகில தூங்குனது போதும்,*
*எங்க குடம் உன்னைத் தேடுது.*

காட்சி முடிந்து பஸ் இறங்கும்போது ஆஸ்மண்ட் நிறுத்தத்தில் நின்றிருந்தான். விஷயம் பஸ்ஸுக்கு முன்னால் வந்துவிட்டது என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"அடிச்சியா?"

"அடிச்சேன்."

அவன் திட்டவில்லை. அவள் பையை வாங்கிக்கொண்டான். "பெட்ரீனா மிஸ் வெல்டா கூட இருக்கா. வா, ஒண்ணாப் போவோம்."

பொழுது இறங்குகிற நேரம். அடுப்புப் புகையும் சுட்ட சீமைப்பலா வாசனையும் சந்தில் தங்கியிருந்தது. சுவர் மேல் ஸ்டிக்ஸும் இன்னும் ஏழெட்டுப் பேரும். ஒருத்தன் இறங்கி வந்து வழியை அடைத்து நின்றான். வாயில் சிகரெட், வயசு இருபதுகூட இருக்காது.

"மணியடிச்சு ஆள் கூப்புடறியாமே அந்தப் பக்கத்துக்கு?"

"தம்பி, வழியை விடுப்பா, நாங்க..." என்று ஆஸ்மண்ட் தொடங்கினான். அவன் நெஞ்சில் கை வைத்து ஒரு தள்ளு. ஆஸ்மண்ட் வேலித் தகரத்தில் போய் மோதினான். சந்து முழுக்கத் தகரம் அதிர்ந்தது.

யூலலிக்குக் கால் நடுங்கியது நிஜம். ஆனால் நடுங்குகிற காலை என்ன செய்வது என்று மேடை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. ரெண்டு காலையும் அகட்டி வைத்து, மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கினாள்.

"அந்த நாடகத்தைப் பாத்தியாடா நீ?"

"நான் எதுக்குப் பாக்கணும்?"

"பாக்கலை. உங்கள்ல ஒருத்தன்கூடப் பாக்கலை. ஒரு படத்தைப் பாத்தீங்க, அதுலயும் கையை மட்டும் பாத்தீங்க. உக்காருங்க. நான் என்னத்துக்கு மணியடிக்கறேன்னு பாத்துட்டு அப்புறம் என்ன வேணா பண்ணுங்க. மிஸ் வெல்டா! ஒரு காலிப் பால் டப்பாவையும் கரண்டியையும் எடுத்துட்டு வாங்க!"

மிஸ் வெல்டா கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றாள்.

யூலலி முழு முதல் பாதியையும் ஒற்றை ஆளாக ஆடினாள். டீச்சரும் அவளே, நண்டுத் துரையும் அவளே, சந்தைக்காரிகளும் அவளே. கவுனைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நண்டு நடை நடந்தாள். பக்கவாட்டில் போய் சிகரெட்காரனையே சுவரோடு ஒதுக்கினாள். யாரோ ஒருத்தன் சிரித்துவிட்டான், சிரித்ததும் வாயைப் பொத்திக்கொண்டான். வேலிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வெளியே வந்தார்கள்.

"வரிசையில வாங்க, வரிசையில வாங்க, தண்ணி எல்லாருக்கும் உண்டு" என்று நண்டாகச் சொன்னாள்.

டீச்சராகத் திரும்பி நின்று, "வரிசையில நிக்கறோம் துரை. வரிசை எங்க முடியுதுன்னு மட்டும் சொல்லுங்க, என் பேத்தியை அங்கே நிறுத்திட்டு வர்றேன்" என்றாள்.

சந்து வெடித்துச் சிரித்தது. அந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிற ஜனம் அல்லவா? துணி வெளுக்கிறவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்துவிட்டாள். ஸ்டிக்ஸ் சுவரை அடித்து அடித்துச் சிரித்தான். அடுத்த வசனம் பேச முடியாமல் யூலலி நிற்க வேண்டியிருந்தது. அப்புறம் கரண்டியை எடுத்து, தகர டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டி, எழும்பு ஆறே என்று பாடினாள். கொட்டகையில் பாடாத மாதிரிப் பாடினாள். பாடும்போதே பயமும் இருந்தது, பயம் இருக்க இருக்கக் குரல் ஏறியது. கடைசி அடியைச் சந்தே சேர்ந்து பாடியது. ரேடியோவில் கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் பாடம்தானே.

பாட்டு முடிந்தது. ஸ்டிக்ஸ் இறங்கி வந்தான். கண் ஓரத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான். கைதட்டினான். அவன் தட்டியதும் எல்லாரும் தட்டினார்கள். சிகரெட்காரன், "அந்த நண்டு நடையை இன்னொரு வாட்டி, மிஸ் லலி" என்றான். அவள் இன்னொரு வாட்டி நடந்து காட்டினாள். ஆஸ்மண்டுக்கு உயிர் வந்தது. யூலலிக்கும், இனி ஒன்றுமில்லை, தப்பித்தோம் என்று உடம்பு தளர்ந்தது.

ஸ்டிக்ஸ் அவர்களை வளவுக் கதவு வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தான். பசை காய்ந்த தடம் இன்னும் கதவில் இருந்தது.

"புடிச்சிருந்துச்சாடா?" என்றாள் யூலலி.

"ரொம்பப் புடிச்சிருந்துச்சு, மிஸ் லலி. இப்படி ஒண்ணு நான் பாத்ததே இல்லை." அவன் குரலைத் தாழ்த்தினான். "நாளைக்கு விடியறதுக்குள்ள போயிருங்க. மேல இருந்து சொல்லிட்டாங்க. மத்தியானத்துக்கு மேல வர்றது நாங்க இல்லை, வேற ஆளுங்க. அவனுக பாட்டெல்லாம் கேக்க மாட்டானுக."

யூலலி அவன் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிற முகமாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கண்ணிலும் அவளிடம் இருந்த அதே பயம்தான் இருந்தது.

"நீ சொல்லக் கூடாதாடா, அது பள்ளிக்கூட மணின்னு?"

"சொன்னேன். உனக்கு என்னடா அக்கறைன்னு கேட்டாங்க" என்றான் ஸ்டிக்ஸ்.

விடிகிற நேரத்தில் ஆஸ்மண்ட் தான் ஓட்டுகிற ரொட்டி வேனைக் கதவோரம் கொண்டுவந்து நிறுத்தினான். ரொட்டித் தட்டுகளை இறக்கிவிட்டுக் கட்டில், அடுப்பு, துணிமூட்டை, பெட்ரீனாவின் புத்தகப் பை எல்லாம் ஏற்ற வேண்டும். மிஸ் வெல்டா ஒரு பாத்திரத்தில் உப்பு மீனும் பொரித்த மாவுருண்டையும் கட்டிக் கொடுத்தாள், யூலலியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்று நின்றாள். ஸ்டிக்ஸும் சிகரெட்காரனும் கட்டிலை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினார்கள். சந்தில் ஆடிக் காட்டியவளின் கட்டிலுக்கு அடிபடக் கூடாது என்று, அதன் காலுக்குச் சாக்கெல்லாம் சுற்றினார்கள். சந்தில் வேறு ஒரு கதவும் திறக்கவில்லை.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் யூலலியின் தங்கை வீடு. அங்கேதான் போகிறார்கள். பெட்ரீனா இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். வண்டி முழுக்க நேற்றைய ரொட்டி வாசனை.

"அம்மா, உனக்குப் பயமா இருந்துச்சா?"

"இப்பவும் பயமாத்தான் இருக்கு. கையைப் பாரு."

பெட்ரீனா அம்மாவின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பாலம் ஏறும்போது யூலலி திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆஸ்மண்ட், அந்த வரிசை வசனத்துக்குச் சிரிச்சாங்க, பாத்தியா?"

"ம்."

"கொட்டகையில ஒருத்தன் சிரிச்சதில்லை. ஒரு நாள்கூட. வீட்டுக்குள்ள குழாய் வச்சிருக்கறவங்களுக்கு அது எங்கே புரியப் போகுது? எழுதினவங்களே அதை வெட்டிரலாம்னாங்க, நான்தான் இருக்கட்டும்னேன். அங்கே சிரிப்பு இருக்குன்னு எனக்குத் தெரியும். புதன்கிழமைக் காட்சியில அந்த இடத்துல கொஞ்சம் நிறுத்திப் பாக்கணும். யாராவது ஒருத்தராவது சிரிப்பாங்க."

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த ஆஸ்மண்டின் தோள் குலுங்கியது, வண்டி பாலத்தின் ஓரத்துக்கும் நடுவுக்குமாக அலைந்தது.

"வண்டியை ஓரமா நிறுத்து" என்றாள் யூலலி. "முதல்ல நீ அழுது முடி. அப்புறம் போகலாம்."